கணக்கை முடக்கினால் ரிட் போடலாமா? தனியார் தளங்களில் நம் பேச்சுரிமை

கேள்வி சுருக்கமாக இது. ஒருவர் ஏழு வருடமாக ஒரு சமூக வலைத்தளத்தில் எழுதிவந்தார். ஒரு நாள் காலையில் திறந்தால் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. ‘எங்கள் சமூக விதிகளை மீறிவிட்டீர்கள்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. எந்தப் பதிவு, எந்த விதி என்று எதுவும் இல்லை. ‘அரசியலமைப்பு எனக்குக் கொடுத்த பேச்சுரிமையை ஒரு கம்பெனி எப்படிப் பறிக்க முடியும்? உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமா?’ என்று கேட்கிறார்.

போடலாம். (ரிட் என்பது, ‘இதைச் செய்’, ‘இதைச் செய்யாதே’ என்று ஆணை போடும்படி நேராக உயர் நீதிமன்றத்தைக் கேட்கிற மனு.) ஆனால் ‘என் பேச்சுரிமையைப் பறித்துவிட்டார்கள்’ என்ற வாதத்தை மட்டும் நம்பிப் போனால் இன்றைய நிலையில் கரைசேர்வது கஷ்டம். ‘என்ன தப்பு என்று சொல்லவில்லை, என் பக்கத்தைக் கேட்கவும் இல்லை’ என்ற வாதத்துக்குத்தான் பிடிமானம் இருக்கிறது. நான் வக்கீல் தொழிலில் இருப்பவன். இதே கேள்வியோடு வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரிவு 19(1)(அ) குடிமக்கள் எல்லோருக்கும் பேச்சுரிமை தருகிறது. யாரிடமிருந்து காப்பாற்றித் தருகிறது? அரசிடமிருந்து. அடிப்படை உரிமைகளைப் பறிக்கும் சட்டத்தை அரசு இயற்றக் கூடாது என்கிறது பிரிவு 13. அரசு என்றால் யார் யார் என்பதைப் பிரிவு 12 சொல்கிறது: ஒன்றிய அரசு, நாடாளுமன்றம், மாநில அரசுகள், சட்டமன்றங்கள், உள்ளாட்சிகள், அரசின் கட்டுப்பாட்டிலுள்ள பிற அமைப்புகள். கலிபோர்னியாவில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு தனியார் நிறுவனம் இந்த வரிசையில் எங்கேயும் வராது.

அரசியலமைப்பை எழுதியவர்கள் தனியாரை மறந்துவிட்டார்களா என்றால், இல்லை. நம் ஊர் டீக்கடையை நினைத்துப் பாருங்கள். கடை ஒருவருடைய சொந்தச் சொத்து. பாய்லர், பெஞ்ச், கிளாஸ் எல்லாம் அவர் காசில் வாங்கியவை. அதற்காக தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்க அவருக்கு உரிமை உண்டா? கிடையாது. தீண்டாமையை ஒழித்த பிரிவு 17 கலெக்டரையும் கட்டும், டீக்கடைக்காரரையும் கட்டும். பிரிவு 15(2) இதைவிட வெளிப்படையானது. கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம் எதிலும் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்து ஒரு குடிமகனைத் தடுக்கக் கூடாது என்கிறது. ‘கடை’ என்ற சொல்லை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று அரசியல் நிர்ணய சபையில் கேட்டபோது, சேவை தருகிற எவரும் அதில் அடங்குவார் என்று அம்பேத்கர் விளக்கினார். கொத்தடிமை முறையைத் தடுக்கும் பிரிவு 23-உம் அப்படித்தான். அது பண்ணையாரின் கையைக் கட்டுவதற்காகவே எழுதப்பட்டது.

ஆக, தனியாரைக் கட்ட வேண்டும் என்று நினைத்த இடங்களில் அதை வெளிப்படையாக எழுதிவைத்தார்கள். 19-ஆம் பிரிவில் அப்படி எழுதவில்லை. (ஒரு தளம் ஒருவருடைய சாதியைப் பார்த்து அவரை வெளியேற்றியது என்று நிரூபிக்க முடிந்தால், பேச்சுரிமையை விட்டுவிட்டு 15(2) வழியே போகலாம் என்பது என் கருத்து. அம்பேத்கர் சொன்ன அர்த்தத்தில் ஒரு சமூக வலைத்தளமும் ‘கடை’தான். இதை யாராவது ஒரு நாள் நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.)

அரசு அமைப்புக்கும் தனியாருக்கும் என்ன வித்தியாசம் என்று காட்ட எனக்குப் பிடித்த வழக்கு எல்.ஐ.சி.யினுடையது. அகமதாபாத்தில் நுகர்வோர் ஆய்வு மையம் நடத்திய மனுபாய் ஷா, எல்.ஐ.சி. பாலிசிதாரர்களிடம் எவ்வளவு அதிகமாகப் பிரீமியம் வாங்குகிறது என்று 1978-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். எல்.ஐ.சி. தரப்பிலிருந்து ‘தி இந்து’ நாளிதழில் ஒரு மறுப்புக் கட்டுரை வந்தது. ஷா அதற்குப் பதில் எழுதினார்; அதையும் அதே நாளிதழ் வெளியிட்டது. அதுவரை சரி. அப்புறம் எல்.ஐ.சி. தன்னுடைய ‘யோகக்ஷேமா’ பத்திரிகையில் தன் தரப்புக் கட்டுரையை மட்டும் மறுபிரசுரம் செய்தது. என் பதிலையும் போடுங்கள் என்று ஷா கேட்டார். இது எங்கள் வீட்டுப் பத்திரிகை, போட முடியாது என்றார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் போடச் சொன்னது. 1992-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. மக்கள் பணத்தில் நடக்கும் அரசு நிறுவனம் ஒரு பக்கத்தை மட்டும் அச்சிட்டு, மறுபக்கத்தின் வாயை அடைக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதையே ஒரு தனியார் நாளிதழ் செய்திருந்தால் ஷாவுக்கு அந்த உரிமை கிடைத்திருக்காது. அமெரிக்காவில் 1974-இல் நேர் எதிரான தீர்ப்பு வந்தது. ஒரு வேட்பாளரைத் தாக்கி எழுதினால் அவருடைய பதிலையும் பத்திரிகை வெளியிட வேண்டும் என்று புளோரிடா மாநிலம் ஒரு சட்டம் வைத்திருந்தது. எதை அச்சிடுவது என்பது ஆசிரியரின் உரிமை, அதில் அரசு கைவைக்கக் கூடாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

‘ஆனால் இவை பத்திரிகைகள் இல்லையே, ஊர்ப் பொதுச்சாவடி மாதிரி ஆகிவிட்டனவே’ என்பது அடுத்த வாதம். நியாயமான வாதம்தான், அதற்கு ஒரு பழைய முன்னுதாரணமும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மொபைல் நகரத்தை ஒட்டி சிக்கசா என்று ஒரு ஊர். ஊர் முழுவதும் ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தம். வீடுகள், தெருக்கள், சாக்கடை, கடைகள் இருந்த கட்டடங்கள், எல்லாம். காவலுக்கு இருந்த போலீஸ்காரருக்கும் கம்பெனிதான் சம்பளம். வெளியிலிருந்து வருகிறவருக்குப் பக்கத்து ஊருக்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த ஊர்த் தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் நடைபாதையில் நின்று, யெகோவா சாட்சிகள் சபையைச் சேர்ந்த கிரேஸ் மார்ஷ் என்ற பெண் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது, உனக்கு அனுமதியும் தரமாட்டோம், கிளம்பு என்றார்கள். அவர் நகரவில்லை. அத்துமீறி நின்றதாகக் கைது செய்தார்கள். 1946-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தன் லாபத்துக்காகச் சொத்தைப் பொதுமக்களுக்கு எவ்வளவு திறந்துவிடுகிறாயோ, அந்த அளவுக்கு அதைப் பயன்படுத்துகிறவர்களின் உரிமைகள் உன்னைக் கட்டுப்படுத்தும் என்று நீதிபதி ஹ்யூகோ பிளாக் எழுதினார்.

இதைப் படிக்கிற எவருக்கும் இன்றைய தளங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அந்தக் கதவு அகலமாகத் திறக்கவில்லை. 1968-இல் வணிக வளாகங்களுக்கும் கொஞ்சம் நீட்டினார்கள். 1972-இல் போர்ட்லாந்து நகர வளாகம் ஒன்றில் வியட்நாம் போருக்கு எதிராகப் பிரசுரம் கொடுத்தவர்கள் தோற்றார்கள். 1976-இல் அந்த வழியையே மூடிவிட்டார்கள். கம்பெனி ஒரு ஊரின் வேலை முழுவதையும் செய்தால் மட்டுமே அது அரசு மாதிரி என்பது இப்போதைய நிலை. யூடியூப் மீது ஒரு வலதுசாரி அமைப்பு போட்ட வழக்கை 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே காரணத்துக்காகத் தள்ளியது. எத்தனை கோடிப் பேர் பயன்படுத்தினாலும் அது தனியார் மேடைதான் என்றது. தளங்கள் பதிவுகளை நீக்குவதைக் கட்டுப்படுத்த வந்த டெக்சாஸ், புளோரிடா மாநிலச் சட்டங்களைப் பற்றிய வழக்கில் 2024-இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தப் பதிவை வைப்பது, எதை எடுப்பது என்று தொகுப்பதே அந்த நிறுவனத்தின் பேச்சு என்ற பொருளில் எழுதியிருக்கிறது. அங்கே பேச்சுரிமை கம்பெனிக்கு. பயனருக்கு அதனிடம் எந்தப் பேச்சுரிமையும் இல்லை.

இந்தியாவில் நிலை அவ்வளவு இறுகிப்போய்விடவில்லை. 2023 ஜனவரி 3 அன்று கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில், 19, 21 பிரிவுகளின் உரிமைகளை அரசல்லாதவர்களுக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்று சொன்னது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்திலும் இருந்த நீதிபதி வி. ராமசுப்பிரமணியன். நீதிபதி நாகரத்னா இந்த இடத்தில் உடன்படவில்லை. வழக்கு ஓர் அமைச்சரின் பேச்சைப் பற்றியது. சமூக வலைத்தளத்தைப் பற்றியது இல்லை. எப்படி வலியுறுத்துவது, எந்தத் தனியாரிடம், எந்த அளவுக்கு என்று தீர்ப்பு வழி போட்டுத் தரவில்லை. அதனால் இதை மேற்கோள் காட்டலாம், இதன் மேல் வீடு கட்ட முடியாது.

இன்னொரு வழி பிரிவு 226. உச்ச நீதிமன்றத்துக்குப் பிரிவு 32-இல் போனால் எதிராளி ‘அரசு’தானா என்பதில் மாட்டிக்கொள்வோம். உயர் நீதிமன்றத்தின் 226 ‘எந்த நபருக்கும்’ ஆணை போடலாம் என்கிறது. கிரிக்கெட் வாரியம் பிரிவு 12-இன்படி அரசு இல்லை என்று 2005-இல் சொன்ன அதே தீர்ப்பு, பொதுக் கடமை செய்வதால் 226-இல் அதைக் கேள்வி கேட்கலாம் என்றது. இதே வழியைத்தான் மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே டெல்லி உயர் நீதிமன்றத்தில் எடுத்தார். 2019-இல் அவருடைய ட்விட்டர் கணக்கு முடங்கியது. அவர் வைத்திருந்த முகப்புப் படம் 1936-இல் ஹாம்பர்க் கப்பல் தளத்தில் எடுத்தது. கூட்டம் முழுவதும் நாஜி வணக்கம் வைக்க, ஒரே ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். நாஜிகளுக்குப் பணியாத மனிதரின் படத்தை வெறுப்புப் படம் என்று சொல்லி முடக்கினார்கள். கணக்கு திரும்பி வந்தது. பிறகு, தூக்குத் தண்டனையைக் கண்டிக்கும் ஓர் இந்திக் கவிதையைப் பகிர்ந்ததற்காக மறுபடி போனது. நாங்கள் அரசு இல்லை, எங்கள்மேல் ரிட் வராது என்பது நிறுவனத்தின் பதில். உச்ச நீதிமன்றத்தில் வாதாடுகிறவருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் ‘எதையும் நீக்கக் கூடாது’ என்று சட்டம் போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். டெக்சாஸ் முயன்றது கிட்டத்தட்ட அதைத்தான். நான் அதற்கு உடன்பட மாட்டேன். சாதியைச் சொல்லி வசைபாடுகிற பக்கங்களை, ஒரு பெண் பத்திரிகையாளரின் படத்தை வெட்டி ஒட்டி நூறு பேர் சுற்றிவளைக்கிற கூட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை அப்படியே விட்டால் அந்தப் பெண் கணக்கை மூடிவிட்டுப் போய்விடுவார். அவருடைய பேச்சும் பேச்சுதானே. ஒழுங்குபடுத்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதில்தான் எனக்குச் சண்டை.

போன வருடம் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவருக்கு மேல்முறையீடு எழுதிக்கொடுத்தேன். பதினோரு வருடமாகத் தன் ஊர்ப் பக்கத்துக் கும்மிப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு எல்லாவற்றையும் போனில் பதிவுசெய்து ஒரு தளத்தில் போட்டுவந்தவர். குலதெய்வக் கோயில் கிடாவெட்டுப் படம் ஒன்றைப் போட்ட வாரத்தில் கணக்கு போய்விட்டது. அதுதான் காரணமா என்பதும் எங்கள் ஊகம்தான், அவர்கள் சொல்லவில்லை. மறுபரிசீலனைப் படிவத்தில் நாலு கட்டங்கள் இருந்தன. ‘நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள்’ என்று சொல்வதற்கு அதில் இடமே இல்லை. அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, “இதுக்கு யார்ட்ட தம்பி பேசணும்?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அந்தப் பதிவுகளில் ஒப்பாரி பாடிய கிழவிகளில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. மூன்றாவது வாரம் கணக்கு தானாகத் திரும்பி வந்தது. ஏன் போனது, ஏன் வந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. அதற்கப்புறம் அவர் எதுவும் போடவில்லை. எது தப்பு என்று தெரிந்தால் அதைத் தவிர்க்கலாம். தெரியாதபோது வாயையே மூடிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

இணையத்தில் எழுதியதற்காக ஆளைக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் ரத்து செய்ததற்கு இதுதானே முக்கியக் காரணம்? ‘எரிச்சல்’, ‘அசௌகரியம்’ என்று வரையறை இல்லாத சொற்களை வைத்து ஆளைப் பிடித்தால், பிடிபடாதவனும் பயந்து பேசாமல் இருந்துவிடுவான் என்றது நீதிமன்றம். அரசு எழுதியபோது செல்லாது என்று தள்ளிய அதே தெளிவின்மை, கம்பெனியின் ‘சமூக விதி’யாக வரும்போது நம்மிடம் கேள்வி கேட்க வழியில்லாமல் போகிறது. அந்த ஆசிரியைக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பயம் ஒன்றுதான்.

விதியை எழுதியவர்களுக்கே விதி தெரியாமல் போனதும் உண்டு. குர்து தலைவர் ஓசலான் துருக்கியின் தீவுச் சிறையில் தனிமையில் வைக்கப்பட்டிருப்பதைப் பற்றிப் பேசலாம் வாருங்கள் என்று 2021-இல் ஒருவர் இன்ஸ்டாகிராமில் பதிவு போட்டார். தடைசெய்யப்பட்ட ஆளை ஆதரிக்கிறார் என்று அதை நீக்கிவிட்டார்கள். அந்த நிறுவனமே அமைத்த மேற்பார்வை வாரியம் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. இப்படிப்பட்டவர்களின் சிறை நிலைமையைப் பற்றிப் பேசலாம் என்று 2017-இலேயே உள்ளுக்குள் ஒரு வழிகாட்டுதல் இருந்திருக்கிறது. 2018-இல் புதிய முறைக்கு மாறியபோது அது விடுபட்டு, மூன்று வருடம் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறது. அந்த மூன்று வருடத்தில் எத்தனை பேர் பதிவுகள் போயிருக்கும்? நவம்பர் கடைசியில் மாவீரர் நாளை ஒட்டிப் படம் போட்டுக் கணக்கை இழந்த தமிழர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. அமெரிக்க அரசு 1997-இல் புலிகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்த நாட்டு நிறுவனங்களின் விதிகளும் அதை ஒட்டியே போகின்றன. புகழ்வது, நினைவுகூர்வது, வரலாறு எழுதுவது ஆகிய மூன்றையும் ஓர் இயந்திரம் படத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. அதனால்தான் எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்கிறேன்.

இதில் ஜெர்மனிதான் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. முதலில் ஒரு கால்பந்து வழக்கு. 2006-இல் பேயர்ன் மியூனிக் அணியின் ரசிகனான 16 வயதுப் பையன் ஒருவனை, டூயிஸ்பர்க்கில் ஆட்டத்துக்குப் பிறகு நடந்த கைகலப்பில் சந்தேகப்பட்டு, நாடு முழுவதும் மைதானங்களுக்குள் நுழையத் தடை போட்டார்கள். தடை போட்டது தனியார் கிளப். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2018-இல் அவனுக்கு எதிராகத்தான் முடிந்தது. ஆனால் நீதிமன்றம் சொன்ன தத்துவம் முக்கியமானது. ஊரே வரும்படி திறந்துவிட்டு, உள்ளே வராவிட்டால் சமூக வாழ்க்கையில் பங்கே இல்லை என்ற நிலையை உண்டாக்கிய ஒருவர், மனம் போனபடி ஆளை வெளியே தள்ள முடியாது. உருப்படியான காரணம் வேண்டும், சம்பந்தப்பட்டவனைக் கேட்கவும் வேண்டும். 2021 ஜூலையில் அந்த நாட்டு உச்ச உரிமையியல் நீதிமன்றம் ஃபேஸ்புக் வழக்குகளில் இதைத் தளத்துக்கும் கொண்டுவந்தது. சட்டத்தைவிடக் கடுமையான விதிகளை நிறுவனம் வைத்துக்கொள்ளட்டும், தப்பில்லை. ஆனால் பதிவை நீக்கினால் உடனே பயனருக்குச் சொல்ல வேண்டும். கணக்கை முடக்குவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காரணம் தர வேண்டும், அவர் பதிலைக் கேட்டு மறுபடி முடிவெடுக்க வேண்டும். இவை ஒப்பந்தத்தில் இல்லை என்பதற்காக அந்த நீக்கும் விதியையே செல்லாது என்று தள்ளியது. 2024 பிப்ரவரியில் முழுதாக நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டமும் ஒவ்வொரு நீக்கத்துக்கும் காரணம் எழுதித் தரச் சொல்கிறது.

நம்மிடமும் இது எழுத்தில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(8) என்று ஒன்று. 50 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளம் தானாக முடிவெடுத்து ஒரு பதிவை நீக்கினால், நீக்குவதற்கு முன்பே பயனருக்குக் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும், மறுத்துப் பேச அவருக்கு வாய்ப்பும் தர வேண்டும் என்கிறது. 2022 அக்டோபரில் சேர்த்த திருத்தம், 14, 19, 21 பிரிவுகள் உட்பட அரசியலமைப்பு தந்த உரிமைகளைத் தளங்கள் மதிக்க வேண்டும் என்கிறது. 19-ஆம் பிரிவு தனியார் தளத்தைக் கட்டாது என்று மேலே சொன்னேன். இந்த விதி அதையே வேறு வழியில் கட்டப் பார்க்கிறது. ரிட் மனுவில் நான் முதலில் வைப்பது இந்த இரண்டையும்தான். அரசியலமைப்புக் கடமை இருக்கிறதா இல்லையா என்று விவாதித்துக்கொண்டிருக்காமல், சட்டப்படியான கடமையையே நீ செய்யவில்லை என்று சொல்லிவிடலாம்.

இதில் எனக்கொரு கவலையும் உண்டு. அதே திருத்தத்தில் வந்த குறைதீர்ப்பு மேல்முறையீட்டுக் குழுக்களின் உறுப்பினர்களை நியமிப்பது ஒன்றிய அரசு. கம்பெனியிடமிருந்து என்னைக் காப்பாற்ற வருகிற நடுவரை, பல நேரம் என் பதிவால் எரிச்சலடைகிற அரசே நியமிக்கிறது. அரசைச் சாராத ஒரு நீதிபதியின் தலைமையில் இருந்தால் நம்பிக்கை வரும்.

ஏனென்றால் பல நீக்கங்களுக்குப் பின்னால் அரசின் கை இருக்கிறது. அந்தக் கை தெரிந்தால் நமக்குப் பலம். 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் முடக்கப்பட்டது நினைவிருக்கும். அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதை வைத்துப் பிரதமரை வரைந்த ஒரு கார்ட்டூன்தான் காரணம். முடக்கியது அரசு என்பது வெளிப்படை. அதனால் 19(1)(அ)-வை நேராகக் கையில் எடுத்துச் சென்னை உயர் நீதிமன்றம் போக முடிந்தது. மார்ச் 6 அன்று, கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு வந்தது. கார்ட்டூனை எடுக்கச் சொன்னதில் எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் வாசல் இருந்தது, தட்டினார்கள், மூன்று வாரத்துக்குள் திறந்தது.

அரசு ஒரு தளத்துக்குள் இருக்கும் பதிவை நீக்கச் சொல்லும்போது இந்த வாசல் கண்ணுக்குத் தெரிவதில்லை. இணையத்தில் இருப்பதை முடக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. அதன்படி வரும் உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது 2009 விதி. பதிவை எழுதியவர் யார் என்று தெரிந்தால் அவரையும் கேட்க வேண்டும் என்று ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பு சொல்லியும், பெரும்பாலும் அவருக்குத் தகவல் வருவதில்லை. இத்தகைய உத்தரவுகளை எதிர்த்து ட்விட்டர் கர்நாடக உயர் நீதிமன்றம் போனது. 2023 ஜூனில் மனுவைத் தள்ளி 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தார்கள். ‘சஹயோக்’ என்ற அரசு வலைவாசல் வழியாக வரும் நீக்க உத்தரவுகளை எதிர்த்து அதே நிறுவனம் போட்ட இன்னொரு மனுவும் 2025 செப்டம்பரில் தள்ளுபடியானது. அங்கே சொன்ன காரணங்களில் ஒன்று: 19-ஆம் பிரிவு குடிமக்களுக்குத்தான், வெளிநாட்டு நிறுவனம் அதைக் கேட்க முடியாது.

இப்போது முடிச்சைப் பாருங்கள். அரசிடம் 19-ஐக் கேட்கப் போன கம்பெனிக்கு, நீ குடிமகன் இல்லை என்று பதில். கம்பெனியிடம் 19-ஐக் கேட்கப் போன குடிமகனுக்கு, அது அரசு இல்லை என்று பதில். உரிமை உள்ளவனுக்கு உத்தரவு தெரியாது. உத்தரவு தெரிந்தவனுக்கு உரிமை கிடையாது. நடுவில் பதிவு போய்விடுகிறது. தனியார் தளத்தில் பேச்சுரிமை பற்றிய பேச்செல்லாம் கம்பெனியைத் திட்டுவதோடு முடிந்துவிடுகிறது. இந்த இடைவெளியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும். ‘உன் பதிவை நீக்கியது நாங்களா, அரசு சொல்லி நீக்கினோமா’ என்ற ஒரு தகவல் பயனருக்குக் கட்டாயம் வர வேண்டும். அது வந்துவிட்டால் போதும், மீதியை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்டவருக்கு இனி நடைமுறை. முடக்கம் பற்றி வந்த தகவல், தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். உள்ளே போக வழி இருந்தால் உங்கள் பதிவுகளை முழுவதுமாகத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பிறகு தளத்தின் இந்தியக் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். பெயரும் முகவரியும் தளத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. கோபத்தை ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம். விதி 4(8)-ஐக் குறிப்பிட்டு மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்தப் பதிவு, எந்த விதி, அரசு உத்தரவு ஏதாவது வந்ததா. மூன்றாவது கேள்விக்கு அவர்கள் மழுப்பினால் அந்த மழுப்பலும் உங்களுக்கு ஒரு ஆவணம். 2021 விதிகள் வந்தபோது 24 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று இருந்தது. இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், எழுதும் அன்றைக்கு நடப்பிலுள்ள கெடு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் திருப்தி இல்லாவிட்டால் அது கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்தில் மனுப் போடலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அதன் அமைப்பில் எனக்குக் கவலை இருந்தாலும் போடச் சொல்கிறேன். அந்தப் படியைத் தாண்டாமல் ரிட் போட்டால், மாற்று வழி இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கணக்கு வழியாக வருமானம் வந்துகொண்டிருந்தது என்றால் அந்த வருமான விவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிழைப்பு போய்விட்டது என்பது உரிமையியல் நீதிமன்றத்திலும் செல்லுபடியாகும் வாதம். இவ்வளவும் கையில் இருந்தால், 226-இல் மனுப் போடும்போது அரசையும் ஒரு எதிர்மனுதாரராகச் சேருங்கள். நீக்கச் சொன்னது நாங்கள்தான் அல்லது நாங்கள் இல்லை என்று அவர்கள் நீதிமன்றத்தில் வாய்திறக்க வேண்டியிருக்கும்.